நேற்றைய தேதி

சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, பில்டரின் மேனேஜர் பாஸ்கரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

ராஜசேகரன் சாவிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காட்டுப்பாக்கத்தில் இந்த அடுக்ககத்துக்குக் குடிவந்ததிலிருந்து இதற்காகத்தான் நடையாய் நடந்தார். லிஃப்ட் நின்றால் பில்டரிடம் கெஞ்ச வேண்டும். மோட்டார் போடவும் பில்டரின் ஆள்தான் வர வேண்டும். ஆவடி தொழிற்சாலையில் உழைத்துச் சேர்த்ததையெல்லாம் கொட்டி வாங்கிய வீட்டில், அண்டிப் பிழைப்பவரைப் போல இருந்தார். குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவரான பிறகு, நிர்வாகத்தை எங்களிடம் ஒப்படையுங்கள் என்று எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்: அடுத்த மாசம்.

இன்று பாஸ்கரனே போன் செய்து கீழ்த்தள ஆபீஸ் அறைக்கு வரச் சொன்னான். கேட்டதற்கெல்லாம் சரி என்றான்.

ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தவர் தயங்கினார்.

"இன்னிக்கு அஷ்டமியாச்சே."

சங்கத்தின் பொருளாளர் அப்துல் ரசாக் சிரித்துவிட்டார். "நீங்களும் அடுத்த மாசம்னு ஆரம்பிச்சிடாதீங்க தலைவரே."

"நேத்து சப்தமிதானே சார்," என்றான் பாஸ்கரன். "நேத்து தேதியே போட்டுக்குங்க. எங்க மொதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

ராஜசேகரனுக்கு முதல்முறையாக அவன்மேல் பிரியம் வந்தது. நல்ல நாள் கெட்ட நாள் தெரிந்தவன்.

கையெழுத்திட்டு, கீழே நேற்றைய தேதியைத் திருத்தமாக எழுதினார்.

மை காய்வதற்குள் பாஸ்கரன் தன் பிரதியை எடுத்துப் பைக்குள் வைத்தான்.

அப்போதுதான் வாட்ச்மேன் பச்சையப்பன் மூச்சிரைக்க உள்ளே வந்தான். பாஸ்கரனைத்தான் பார்த்தான்.

"இன்னா சார், இங்க குந்திகினு கீறீங்க? கக்கூஸ் தொட்டில எறக்கிவுட்ட ரெண்டு பேரும் மேல வர்லன்னு காலைலயே சொன்னேனே. ஃபயர் சர்வீஸுக்கு போன் போட்டுட்டேன்னீங்களே, எங்க?"



பாஸ்கரன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"நேத்துலேர்ந்து இது உங்க பில்டிங் சார்."

ரசாக் போனை எடுத்தார். ராஜசேகரன் கட்டடத்தின் பின்பக்கம் ஓடினார்.

தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. குனிந்தார். கூப்பிட வாயெடுத்தபோதுதான், அவர்கள் பெயர் தெரியாதது உறைத்தது.

மேலே ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஃப்ளஷ்ஷை அழுத்தினார்கள். சுவரோரக் குழாய்க்குள் தண்ணீர் கடகடவென்று கீழே இறங்கியது.