ஏழாவது எஞ்சின்

"மீட்டர் கத்துச்சுன்னா எல்லாம் போச்சு. கையை ஆட்டாம பிடிடா" என்றாள் அக்கா.

பொம்மை ரயில் எஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைத்திருந்தாள். உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு மோட்டார். மீட்டரின் சிவப்பு ஊசி மோட்டாரின் முனையில், கறுப்பு ஊசி எஞ்சினின் உலோகச் சட்டத்தில். இரண்டையும் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றேன்.

மீட்டர் கத்தியது.

மோட்டார் எங்கோ சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே, ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாக ஓட்ட உதவும் டிகோடரை இணைத்தால் தண்டவாளத்து மின்சாரம் குறுக்கே புகுந்து அதைக் கருக்கிவிடும். போன வாரம் இப்படி இரண்டு கருகின. கையில் இருந்தது கடைசி. நகத்தளவு பச்சைத் தகடு, அதிலிருந்து தொங்கும் மெல்லிய ஒயர்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்குள் முடித்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஆறு எஞ்சின்களுக்கு அந்த மாதத்திலேயே டிகோடர் வைத்திருந்தாள். இது ஏழாவது.

"திரும்பி வந்து செஞ்சுக்கலாமேக்கா."

மோட்டாரைக் கழற்ற ஆரம்பித்தாள்.

பல் செட் செய்கிற லேபில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவள். விரலால் ஒருமுறை தடவினால் போதும், பல்லில் எந்த விளிம்பு உயரம் என்று சொல்லிவிடுவாள். புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து அந்த விரல்நுனிகளை மரக்கடித்திருந்தது. எதைத் தொடுகிறாள் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் செய்கிறேன் என்றேன். பஸ் ஓட்டிய கையை எட்டத்தில் வை என்றாள்.

மோட்டாரின் அடியில் ஒரு பித்தளைத் துணுக்கு, மயிரிழைதான், வளைந்து சட்டத்தை முட்டிக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடியை வைத்து அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தாள். நறுக்கினாள். எறும்புக்குச் சட்டை தைக்கிறவள் மாதிரி டேப்பை வெட்டி அடியில் ஒட்டினாள்.

மறுபடி ஊசிகளை வைத்தேன். மீட்டர் வாயைத் திறக்கவில்லை.

அடுத்து ஒயர்களைப் பற்றவைக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் சக்கரத்துப் பக்கம். ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. நாலாவது ஒயரை வைக்கும்போது தீய்ந்த வாடை வந்தது. டிகோடர் போய்விட்டது என்று பதறிப்போனேன்.

தீய்ந்தது அவளுடைய ஆள்காட்டி விரல்.

ஈயம் இறுகும்வரை ஒயரை விடாமல் பிடித்திருந்தாள். பிறகு விரலைத் திருப்பிப் பார்த்து, "நல்லவேளை, விரல்தான்" என்றாள்.

அந்தக் கொப்புளம் ஆறுகிற அளவுக்கு அவளுக்கு நாள் மிச்சமிருக்கவில்லை.

புது டிகோடர் எல்லாமே மூன்றாம் எண்ணோடு வரும். அதை மாற்றி ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி எண் கொடுக்க வேண்டும். கன்ட்ரோலரில் அந்த எண்ணை அழுத்தினால் அந்த எஞ்சின் மட்டும் சொன்னபடி கேட்கும். ஏழுக்கும் நான் பஸ் ஓட்டிய ரூட் நம்பர்களையே வைத்தாள். இதற்கு இருபத்தேழு.

"உலகத்துல வேற நம்பரே இல்லையாக்கா?"

"மறக்காதுல்ல" என்றாள்.

எஞ்சினைத் தண்டவாளத்தின் வெளிவட்டத்தில் வைத்துவிட்டுக் கன்ட்ரோலரை என் கையில் கொடுத்தாள். ஒரு சுற்று விட்டுப் பின்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னாள். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஈயப் புகை குமட்டியிருக்கும் என்று நினைத்தேன்.

இருபத்தேழை அழுத்திக் குமிழைத் திருகினேன். முகப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் ஒரு கணம் யோசித்துவிட்டு நகர்ந்தது.

டிகோடர் வைப்பதற்கு முன் சுவரில் பதினோரு சுவிட்ச் இருந்தன. எந்த வண்டி எங்கே நின்றால் எதைப் போட வேண்டும், எதை அணைக்க வேண்டும் என்பது அவளுக்கு மட்டுமே வெளிச்சம். நான் தொட்டால் நிற்க வேண்டியது ஓடும், ஓட வேண்டியது நிற்கும், இரண்டும் முட்டிக்கொள்ளும். அவள் கடைக்குப் போயிருந்தால் எஞ்சின்களைத் துடைத்து வைப்பதோடு சரி. வீட்டில் இருந்தால், பின்வரிசைக்குத் திரும்பும் இந்த வளைவில்தான் "அக்கா!" என்று கத்துவேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருக்கிறாள். ஒரு கீறல் விழாமல் பஸ் ஓட்டியவனாம் இவன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அன்று வளைவில் வேகத்தைக் குறைத்தேன். தடம் மாற்றும் பொத்தானை அழுத்தினேன். பக்கத்துத் தடத்தில் இரண்டு எஞ்சின்கள் நின்றிருந்தன. இரண்டும் அசையவில்லை. இருபத்தேழு மட்டும் அவற்றைக் கடந்து உள்ளே போய், தடுப்புக்கட்டைக்கு இரண்டு விரல் முன்னால் நின்றது.

அவளிடம் சொல்வதற்காக ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

தேட வேண்டியிருக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமே நிலையில் தோளைச் சாய்த்து, காதைக் கொடுத்தபடி நின்றிருந்தாள்.

"ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடலையேடா" என்றாள்.

கோபித்துக்கொண்டாள் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்டேன்.