பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்

பத்திரப் பதிவாளர் அம்மாவுக்கு ஒரு பிடிவாதம். அடையாள அட்டை, புகைப்படம் எல்லாம் சரியாக இருந்தாலும், முத்திரை குத்தும் முன் கூடத்துக்கு வந்து, வீட்டை விற்பவரின் பெயரை உரக்கக் கூப்பிடுவார். ஆட்சேபிக்க யாராவது இருந்தால் எழுந்திருக்கட்டும் என்பார். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

அன்று தரகர் அழைத்துவந்த கிழவியின் காகிதங்களில் ஒரு குறையும் இல்லை. பதிவாளர் அப்போதும் வெளியே வந்து கூப்பிட்டார்.

“நான்தாம்மா,” என்று கடைசி பெஞ்சிலிருந்து வேறொரு பெண் எழுந்தாள். “என் வீட்டை நான் விக்கலையே. என் பையன் குடியிருக்கான்.”

தரகரின் முகம் வெளுத்தது. கூட வந்த கிழவி, காசுக்காக ஆள்மாறாட்டம் செய்ய வந்ததை அழுதுகொண்டே கக்கிவிட்டாள். பதிவாளர் பதிவை நிறுத்திவிட்டுத் திரும்பினால், பெஞ்சு காலி.

தகவல் போய், மாலையில் அந்த வீட்டில் குடியிருக்கும் மகன் ஓடிவந்தான். “அம்மா தவறிப்போய் ரெண்டு வருஷமாச்சு மேடம். அந்தத் தைரியத்துலதான் செஞ்சிருக்காங்க.”

பதிவாளர் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். “பேசினாங்கப்பா. கூடத்துல எல்லாரும் கேட்டோம்.”

“நல்ல வேளை, நீங்க கூப்பிட்டீங்க. எங்க உக்காந்திருந்தாங்க?”

அவர் காட்டினார். அவன் போய், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தான்.