எட்டிப் பார்த்த ஷஹனாஸ்

"ஷஹனாஸ் மேடம் எட்டிப் பார்த்துட்டாங்க சார். கையும் களவுமா பிடிச்சுட்டேன்."

ஃபைனல் முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. போனில் பிலோமின்ராஜ், மேலப்புதூரில் குடியிருக்கும் கணக்கு வாத்தியார். நாற்பது செகண்ட் வித்தியாசத்தில் தோற்றுப்போன சூடு இன்னும் ஆறவில்லை.

ஸ்ரீரங்கத்தில் அழகிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். போட்டியை நடத்துகிறவர் அவர்தான். பிழைப்பு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் என்றாலும், உயிர் தான் எழுதிய இருபத்துமூன்று விதிகளில். மூன்று வருஷமாக ஒருவரும் அவற்றை மீறாததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

போட்டி என்பது வேறொன்றுமில்லை. ஒரு காலத்தில் கேசட் போட்டு ஆடிய டிவி கேம். அதற்குள் புகுந்து கதவுகளையும் சாவிகளையும் இடம் மாற்றி வைத்து, ஒரே கேமை இரண்டு பேருக்கும் ஒரே நொடியில் அனுப்புவார் அழகிரி. அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம். கேமில் வரும் கோட்டையை விட்டு முதலில் வெளியே வருகிறவருக்குக் கோப்பை.

டிவியும் கையும் தெரிகிற மாதிரி போனை நிறுத்தி நேரலை விட வேண்டும். ஊரே அதைப் பார்க்கலாம். எதிராளி மட்டும் பார்க்கக் கூடாது, சாவி இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்பதால். ஏழாம் விதி அதுதான்: பார்த்தால் நீக்கம், காரணம் ஏற்கப்படாது.

பிலோமின்ராஜ் தன் நேரலையைப் பார்த்தவர்களின் பட்டியலை அனுப்பியிருந்தார். நூற்றுப் பன்னிரண்டு பேர். நடுவில் ஷஹனாஸ்.

"பாதி ஆட்டத்துல எங்க வீட்ல ஃபியூஸ் போயி, பதினோரு நிமிஷம் எனக்கு ஆட்டமே இல்ல. யார் வீட்ல கரண்ட் போனாலும் கடிகாரம் நிக்காதுன்னு நீங்களே மைக்ல ரெண்டு பேருக்கும் சொன்னீங்க. கரண்ட் வந்தப்புறம் விட்ட இடத்துலேர்ந்து ஓடினேன். அப்படியும் நாப்பது செகண்ட்லதான் தோத்தேன். அவங்க பார்க்காம இருந்திருந்தா?"

நியாயமான கேள்விதான். பதினோரு நிமிஷத்தைப் பறிகொடுத்தும் விடாமல் துரத்திய வீரத்துக்குப் போட்டியின் வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்கெனவே பாராட்டு குவிந்துகொண்டிருந்தது. பிலோமின்ராஜும் ஒன்று விடாமல் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

அழகிரி ஷஹனாஸைக் கூப்பிட்டார். மலைக்கோட்டைப் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இது அவருக்கு மூன்றாவது ஃபைனல். முதல் இரண்டிலும் தோல்வி. இந்த வருஷம் கோப்பை வந்தே தீரும் என்று, ஃபிரேம்களை எடுத்துவிட்டு ஷோகேஸில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருந்தார்.

எப்படியும் மறுப்பார் என்று அழகிரி ஆறு குறுக்குக் கேள்விகளைத் தாளில் எழுதி வைத்திருந்தார்.

"பார்த்தேன் சார்," என்றார் ஷஹனாஸ்.

ஆறும் வீணாகிவிட்டன.

"எதுக்கு மேடம் பார்த்தீங்க?"

"காரணம் ஏற்கப்படாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. விடுங்க சார்."

"அப்ப நீக்கிடுவேனே."

"நீக்குங்க. கோப்பையை அவருக்கே குடுத்துடுங்க."

இத்தனை சுலபமாக விட்டுக்கொடுத்ததை, மாட்டிக்கொண்ட வெட்கம் என்று அழகிரி எடுத்துக்கொண்டார்.

அறிவிப்பைப் போட்டதுமே குரூப் பொங்கியது. கண்ணாடிக் கடைக்காரம்மாவுக்கு அடுத்தவர் திரை நன்றாகவே தெரிகிறது என்று ஒருவர் எழுதினார். இதற்கு முன் ஜெயித்த ஆட்டமெல்லாம் எந்த லட்சணமோ என்று இன்னொருவர். பிலோமின்ராஜ் பெரிய மனசு பண்ணி, தான் அவரை மன்னித்துவிட்டதாக அறிவித்தார்.

அழகிரிக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. விதி மீறல் எத்தனை மணிக்கு நடந்தது, எந்தச் சாவியைப் பார்த்தார் என்று எழுதிக் கோப்பில் சேர்க்க வேண்டும். இதுவும் அவர் எழுதிய விதிதான். பட்டியலில் நேரம் இருந்தது. ஷஹனாஸ் உள்ளே வந்தது 5.22, வெளியே போனது 5.33.

பிலோமின்ராஜின் பதிவை 5.22-க்கு ஓட்டினார்.

டிவி அணைந்து கிடந்தது. ஸ்டூல் மேல் பிலோமின்ராஜ், ஃபியூஸ் கட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டியையும் கீஸரையும் ஒரே நேரத்தில் போட்டது யார் என்று மனைவியோடு வாக்குவாதம் வேறு. அந்தப் பதினோரு நிமிஷமும் அழகிரி உட்பட எல்லோரும் இந்த வேடிக்கையில்தான் லயித்துக் கிடந்தார்கள். 5.33-க்கு டிவிக்கு உயிர் வந்தது.

இருண்ட டிவியில் ஷஹனாஸ் எந்தச் சாவியைப் பார்த்திருப்பார்? அந்த நேரத்தில் ஒருவரும் பார்க்காத ஷஹனாஸின் பதிவை அழகிரி எடுத்து, அதையும் 5.22-க்கு ஓட்டினார்.

ஜாய்ஸ்டிக் மேஜை மேல் கிடந்தது. ஷஹனாஸின் கையில் இன்னொரு போன், அதில் பிலோமின்ராஜின் இருண்ட டிவி. அவருடைய டிவியிலோ, சாவி போட்டுத் திறந்துவிட்ட கதவுக்கு முன்னால் அவருடைய ஆள், 5.33 வரை ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் நின்றுகொண்டிருந்தான்.