பலகையின் நிழல்

நோயாளி நாய்களை ஊசி போட்டுக் கொல்லலாம் என்று ஒரு கோஷ்டியும், கூடவே கூடாது என்று இன்னொரு கோஷ்டியும் காப்பகத்து வாசலில் மல்லுக்கட்டின. கடைசியில் கூடாது என்றவர்கள் ஜெயித்தார்கள். ‘இங்கே எந்த உயிரும் கொல்லப்படாது’ என்று கேட்டின் மேல் பெரிய பலகை ஏறியது. உள்ளே இருந்த செவலை நாய்க்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதுவும் தொண்டை கட்டும்வரை குரைத்திருந்ததே!

மறுநாள் மத்தியானம், லாரியில் அடிபட்ட தெருநாய் வெள்ளச்சி இடுப்பை இழுத்துக்கொண்டு வந்தது. வாட்ச்மேன் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டைப் பூட்டிக்கொண்டான். கேட்டுக்கு உள்ளே நின்ற செவலையிடம் வெள்ளச்சி கேட்டது:

“அண்ணே, இங்கே யாரையும் கொல்ல மாட்டாங்களாமே. ஏன் பூட்டிட்டாங்க?”

“தப்பா நினைக்காதே தாயி. நீ பிழைக்க மாட்டே போலிருக்கு. உள்ளே வந்து செத்துட்டா எங்க பேர் என்ன ஆகறது?”

“கொல்லத்தானே தடை? சாகறதுக்குமா?”

“தோத்துப்போன ஊசிக் கோஷ்டி சும்மா விடுமா? பாடுபட்டு மாட்டின பலகை தாயி!”

வெயில் கொளுத்தியது. வெள்ளச்சி பலகையின் நிழலில் போய்ப் படுத்துக் கண்ணை மூடியது. பிறகு அசையவே இல்லை.

செவலை பதறிப்போய்க் கம்பிக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தது. நல்லவேளை, நிழல் கேட்டுக்கு வெளியேதான் விழுந்திருந்தது.