பதிலக்காவின் விசாரணை

“இதை எழுதினவங்க இந்த அறையிலதான் இருக்காங்க,” என்றார் செயலாளரம்மா. பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு வந்திருந்த பதினான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டியவர் குழுத் தலைவி பதிலக்காதான்.

புதன்கிழமைதோறும் ஜெபப் பெட்டியைத் திறப்பார்கள். வேலை கிடைக்க, முழங்கால் வலி தீர, மருமகள் மனம் மாற என்று சீட்டுகள் விழும். பேர் எழுத வேண்டியதில்லை. அன்று பதிலக்கா மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். பாட்டு நேரத்தில் வெறுமனே வாயசைத்து ஒப்பேற்றினார். முதல் மூன்று சீட்டுகளைப் பக்கத்தில் இருந்த நர்ஸ் வாசித்தாள். நான்காவதைப் பதிலக்காவே வாசித்தார்.

‘நான் ஜெபிக்கும்போது யாரும் கேட்பதாகத் தோன்றவில்லை. எனக்காக ஜெபியுங்கள்.’

செயலாளரம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஜெபிப்பது இருக்கட்டும், முதலில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுப்பவளாக இருந்தால் என்ன ஆவது என்று பதறினார். அந்தப் பொறுப்பைப் பதிலக்காவிடம் ஒப்படைத்தார்கள்.

வேறு யாரிடம் ஒப்படைப்பார்கள்? இருபத்திரண்டு வருடமாக, விசுவாசத்தைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் கேள்வி முடியுமுன்னே பதில் வைத்திருப்பவர் அவர். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோதுகூட, நல்லவர்களுக்கு ஏன் துன்பம் வருகிறது என்று அவருக்கு விளக்க முயன்றிருக்கிறார். பாதிப் பல்லை அடைத்த நிலையில் டாக்டரே கும்பிட்டு நிறுத்தச் சொன்னாராம். விசாரிக்க முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஒப்புக்கொண்டார்.

சந்தேகம் எந்த வகையில் இருந்தாலும் சமாளிக்க நான்கு பக்கம் குறிப்பெழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

முதலில் நர்ஸ். ஆஸ்பத்திரித் துணி அறையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். “நான் எழுதலக்கா,” என்றவள், மடிப்பதை நிறுத்தவில்லை. “போன மாசம் ஒரு குழந்தைக்காக ராத்திரி பகலா ஜெபம் பண்ணினேன். போயிடுச்சு. பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு ஜெபம் பண்ண ஆளே இல்ல. அது பொழைச்சு வீட்டுக்குப் போயிடுச்சு. எழுதினவங்க யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க, கொஞ்ச நேரம் பேசணும்.”

இதற்கான பதில் குறிப்பின் முதல் பக்கத்திலேயே இருந்தது. எடுக்கக் கை வரவில்லை. நர்ஸ் நீட்டிய பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

அடுத்து தையல்காரம்மா. வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, தனக்குச் சந்தேகப்படவே நேரம் இல்லை, நேரம் கிடைத்தால் நிச்சயம் படுவேன் என்றார். அதோடு, பதிலக்காவின் ஜாக்கெட் தோள்பட்டையில் தொளதொளவென்று இருக்கிறதே, ஏன் இப்படி இளைத்துவிட்டீர்கள் என்று விசாரித்தார். விசாரிக்கப் போன இடத்தில் விசாரணைக்கு உள்ளாகி, ஒரு டீயைக் குடித்துவிட்டுப் பதிலக்கா தப்பித்து வந்தார்.

இப்படியே மற்றவர்களையும் பார்த்து முடித்து, கடைசியாக ஞாயிறு வகுப்பு எடுக்கும் குட்டி டீச்சர். கதவைத் திறந்து பதிலக்காவைப் பார்த்ததுமே அந்தப் பெண்ணின் முகம் வெளிறிவிட்டது.

“சத்தியமா நான் எழுதல. ஆனா உனக்குச் சந்தேகமே வந்ததில்லையான்னு கேட்டீங்கன்னா, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். பசங்க கேக்குறதுக்கு எனக்குத் தெரியலன்னா, தெரியலன்னுதான் சொல்றேன். அவங்களும் சரி மிஸ்னு சொல்லிட்டுப் படம் வரையப் போயிடுறாங்க,” என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, “என்னை வகுப்பிலிருந்து எடுத்துடாதீங்கக்கா. வாரம் முழுக்க அதுக்குத்தான் காத்திருப்பேன்,” என்றாள்.

பதிலக்காவுக்கு வெட்கமாக இருந்தது. குறிப்புகளை வழியிலேயே கிழித்துப் போட்டார். நாலு பக்கமும் அழகான கையெழுத்து, வீணாய்ப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் அறையில் கூடினார்கள். செயலாளரம்மா கடிதத்தையே தட்டச்சு செய்து கொண்டுவந்துவிட்டார். குட்டி டீச்சரை அவரே கூப்பிட்டுக் கேட்டிருந்தார். எழுதவில்லை என்கிறாள், சந்தேகம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள், அப்புறம் வேறு யாராம் என்பது அவர் கேள்வி. இன்று முதல் குட்டி டீச்சருக்கு வகுப்பு கிடையாது என்று எழுதி, அடியில் பதிலக்காவின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

குட்டி டீச்சர் சுவரோரமாக நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியாவது சமாளித்திருக்கலாம்.

போதகருக்கு மனம் ஒப்பவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டுப் பதிலக்கா பக்கம் திரும்பினார். “எல்லாரையும் நேர்ல பார்த்துப் பேசினது நீங்கதான். சொல்லுங்கக்கா, இந்தப் பொண்ணுதானா?”

ஒரு கையெழுத்து போட்டால் போதும், விசாரணை அதோடு முடிந்துவிடும். செயலாளரம்மா பேனாவை எடுத்து நீட்டினார். பதிலக்கா அதை வாங்கவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அவர் முழுசாக அரை நிமிடம் எடுத்துக்கொண்டதை அந்தச் சபையில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

“இல்ல பாஸ்டர். எழுதினது நான்தான்.”