கிண்டியில் மீந்த தண்ணீர்

பொட்டல்காட்டில் மூக்கு வைத்த ஒரு தண்ணீர்க் கிண்டி பெருமையடித்துக்கொண்டிருந்தது. "சுற்றுவட்டாரத்தில் கிணறே கிடையாது! என் வயிற்றில் இருப்பதுதான் கடைசித் தண்ணீர். ஊருக்கு நீதி சொல்லும் காழியார் நூகு இதில்தான் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்து, பிற்பகல் தொழுகையான அஸர் தொழப்போகிறார்!"

நாக்கைத் தொங்கப்போட்டபடி ஒரு நாய் ஓடிவந்தது. "எனக்குக் கொடு! தொண்டை எரிகிறது!"

"எட்டி நில்! உன் எச்சில் பட்டால் என்னை ஏழு தடவை கழுவவேண்டும். தண்ணீர் கேட்க உனக்கு ஏது உரிமை? யார் எழுதிக் கொடுத்தது?"

"யாரும் எழுதித் தரவில்லை. நான் பிறக்கும்போதே தாகமும் கூடப் பிறந்துவிட்டது."

கீழே கிடந்த மண் துள்ளியது. "ஏ கிண்டி! தண்ணீர் இல்லாவிட்டால் என்மேல் கைகளைத் தட்டி, முகத்திலும் கைகளிலும் தடவிக்கொண்டு தொழலாம். தயம்மும் என்று பேர். ஆனால் இந்த நாயால் என்னைக் குடிக்க முடியுமா?"

"காழியார் சட்டம் கரைத்துக் குடித்தவர். வரட்டும், அவரே சொல்வார்!" என்று கிண்டி கத்தியது.

காழியார் நூகு வந்தார். நாயைப் பார்த்தார். கீழே கிடந்த பனையோலையைத் தொன்னைபோல் கோட்டி, அதில் கிண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். நாய் சளப் சளப்பென்று குடித்தது. அவர் மண்ணில் இரு கைகளையும் தட்டி முகத்திலும் கைகளிலும் தடவிக்கொண்டு, தொழ நின்றார்.

"ஐயோ, தொழுகைக்கு வைத்திருந்த தண்ணீர் வீணாய்ப் போச்சே!" என்று கிண்டி புலம்பியது.

"வீணா?" என்றது, காழியாரின் நெற்றியில் ஒட்டியிருந்த மண். "அதோ பார், வாலாட்டிக்கொண்டு நிற்கிறது!"