நல்ல கைக்கு ஒரு கட்டு

துண்டுச் சீட்டை இரண்டு தரம் படித்தார் முருகையா.

'வலது கை. முழங்கை வரை மாவுக்கட்டு.' கீழே டாக்டர் நிவேதிகாவின் கையெழுத்து.

எதிரே பெஞ்சில் ரெங்கம்மா. அதே வலது கையால் முடியை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள்.

"எந்தக் கைம்மா அடிபட்டது?"

ரெங்கம்மா வாசலைப் பார்த்தாள். அவள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி கந்தப்பன், பஸ் வருகிறதா என்று வெளியே பார்த்தபடி நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"டாக்டரம்மா எழுதின கைதாங்க" என்றாள்.

இது ஒரு பதிலா?

முருகையா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். ஆஸ்பத்திரியின் இந்தக் கட்டுப்போடும் அறையில் அவருக்கு இருபத்தாறு வருசம். எலும்பைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

படத்தில் கையே இல்லை. முள்ளந்தண்டு. வரிசையில் ஒரு எலும்பு மட்டும் மிதிபட்ட தீப்பெட்டி மாதிரி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"எப்பம்மா விழுந்த?"

"போன மாசங்க. மழையில தண்ணிக்கான் தாண்டயில வழுக்கி, உக்காந்தாப்புல விழுந்துட்டேன்."

"ஒரு மாசமா என்ன செஞ்ச?"

"கொழுந்து எடுத்தேங்க."

"கூடையோடயா?"

"கூடை இல்லாம யாருங்க எடுக்கிறா?"

முருகையா படத்தை இன்னொரு தரம் பார்த்தார். இந்த எலும்போடு அவராக இருந்தால் கட்டிலை விட்டே இறங்கியிருக்க மாட்டார். இவள் தலையில் கயிறு மாட்டி, இருபது கிலோவை முதுகில் தொங்கவிட்டு, மலை ஏறி இறங்கியிருக்கிறாள்.

"முதுகு வலின்னுதாண்ணே முதல்ல சொன்னுச்சு" என்றார் கந்தப்பன். "முதுகு வலிக்காத பொம்பள எந்த லயத்துல இருக்கு? மெய்யா பொய்யான்னு பார்த்துட்டு வரச் சொல்லித்தான் தொரை என்னைய அனுப்பியிருக்காரு. சுருக்கா முடிங்க. பெரகல பஸ்ஸ விட்டா ரெண்டு மணி வரைக்கும் நிக்கணும்."

துண்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார் முருகையா.

டாக்டர் நிவேதிகா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. கெட்டிக்காரப் பிள்ளை என்று நேற்று வரைக்கும் அவரே சொல்லித் திரிந்தவர்.

"டாக்டர், உடைஞ்சது முதுகு. எழுதியிருக்கிறது கை."

"தெரியும்."

"கையில ஒரு கீறல்கூட இல்லீங்க."

"அதுவும் தெரியும். பாதிக் கட்டாப் போடுங்கோ, கழட்டிக் கழட்டிக் கட்டுற மாதிரி. ஆனால் பார்க்கப் பெரிசா இருக்கோணும்."

"நல்ல கைக்கு எதுக்குங்க..."

"அவர் வாசல்ல நிக்கிறார், முருகையா அண்ணை. முதல்ல கட்டைப் போடுங்கோ." எழுதிக்கொண்டிருந்த தலை நிமிரவில்லை.

முருகையாவுக்குச் சுர்ரென்று ஏறியது. வாசலில் எவன் நின்றால் என்ன? தப்பைத் தப்பென்று சொல்ல மனம் வராது, படித்த திமிர். பெரிய டாக்டர் காதில் போட்டே தீருவது என்று முடிவு செய்துகொண்டார்.

வந்த கோபத்தில் மாவுத்துணி நாலு மடிப்புக் கூடவே போனது. ரெங்கம்மாவின் கை வெள்ளைத் தூணாகிவிட்டது. அதைக் கழுத்தில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டார்.

கந்தப்பன் உள்ளே வந்தார். கட்டைப் பார்த்ததும் முகம் விழுந்துபோனது.

"அடப்பாவமே, கையா? இத ஏன் புள்ள மொதல்லயே சொல்லல?"

ரெங்கம்மா இடது கையால் கட்டைத் தாங்கிக்கொண்டாள்.

"கை போனா என்னத்தக் கொழுந்து எடுக்கிறது? கட்டு அவுக்கிற மட்டும் பேசாம வீட்டுல கெட. காலையில பேரு குடுக்கப் பெரட்டுக்கு வந்து நிக்காத. தொரைகிட்ட நான் சொல்லிக்கிறேன். அந்தப் பைய இப்புடிக் குடு."

பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். ரெங்கம்மா வாசலில் திரும்பி முருகையாவைக் கும்பிடப் போனாள். ஒரு கைதான் வந்தது.

அவள் தலை மறைந்ததும் டாக்டர் வந்தார். கையில் கசங்கின இரண்டு கடதாசி.

"இது போன மாசம், படம் எடுக்க முந்தி நான் எழுதிக் குடுத்தது. 'லேசான வேலை மட்டும்' எண்டு."

"தோட்டத்துல குடுக்கலீங்களா?"

"குடுத்தவ. பொம்பிளையளுக்கு அங்க கொழுந்தெடுக்கிறதுதான் லேசான வேலையாம்."

முருகையா அடுத்த கடதாசியை வாங்கினார்.

"அது போன கிழமை, படம் பார்த்த பிறகு. 'முள்ளந்தண்டு உடைவு. ஆறு வாரம் முழு ஓய்வு.' அதை நம்பாமல்தான் இண்டைக்கு ஆள் விட்டிருக்கினம். உள்ளுக்க உடைஞ்சது அவையின்ர கண்ணுக்குத் தெரியேல்லை அண்ணை. கட்டுத் தெரியுது."

முருகையா இரண்டு கடதாசியையும் நீவி மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பெரிய டாக்டருக்குச் சொல்லப் போறீங்களோ?"

அதற்குள் வாசலில் இன்னொருத்தி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்து வந்தாள். பின்னாலேயே, கையைக் கட்டிக்கொண்டு, வேறொரு தோட்டத்துக் கங்காணி.

அவள் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார் முருகையா. இதுவும் முள்ளந்தண்டு.

படத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, புது மாவுத்துணி ஒன்றைத் தண்ணீரில் முக்கினார்.

"இவங்களுக்கு எந்தக் கைங்க, டாக்டர்?"